மாட்டேன் என்ற ஒரு சொல்

பிப்ரவரி 2

தங்கச்சிக்கு,

மூன்று வருஷமாக உனக்கு நான் இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை. போனில் பேசினாலோ மூன்றாவது நிமிஷத்தில் சண்டை வந்துவிடுகிறது. போன தடவை நான் ரிசீவரை வைத்த வேகத்தில் அதில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நல்ல சேதிதான். கட்டெறும்பு வீட்டுக்கு வந்துவிட்டாள்! மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்ததை அண்ணி உனக்குச் சொல்லியிருப்பாள். காலைத் தூக்கிக் கட்டித் தொங்கவிட்டு மூன்று வாரம் வார்டில் வைத்திருந்தார்கள். எலும்பு பிரமாதமாகக் கூடிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெல்டிங் வைத்த மாதிரி இருக்கிறது.

அதைவிடப் பெரிய சேதி, உன் மருமகள் திருந்திவிட்டாள். இரண்டேகால் வயசுக்கு என்ன வாயாடி, என்ன பிடிவாதம், என்ன கடி! அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர் வைத்ததே நீதான். இப்போது வந்து பார். உட்கார் என்றால் உட்காருகிறாள். சாப்பிடு என்றால் வாயைத் திறக்கிறாள். நான் கடைக்குக் கிளம்பினால் முன்பெல்லாம் காலைக் கட்டிக்கொண்டு தெருவே கூடும்படி அழுவாளே, இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வார்டில் முதல் நாலு நாள் அழுதாளாம், அப்புறம் தங்கமாம். அங்கே இருந்த நர்சம்மா அவள் சட்டையில் மஞ்சள் காகித நட்சத்திரம் ஒன்று குத்தி அனுப்பினார். "அழாத சமர்த்துக்குத்தான் இது குடுப்போம்"னு சொன்னார். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, கடையில் லைசென்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பூட்டு வாங்க வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறான்.

உன் தொழிலைப் பற்றி நான் ஒருமுறை சொன்ன வார்த்தை உனக்கு மறந்திருக்காது. இந்த மூன்று வாரத்தில் அந்த நர்சம்மாக்கள் வேலை செய்ததைப் பார்த்த பிறகு, கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன் என்று தோன்றுகிறது. கொஞ்சம்தான்.

அண்ணன்


பிப்ரவரி 8

அண்ணா,

கடிதம் வந்தது. முதல் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: அவளுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் நல்ல சேதி என்று எழுதியது எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் தூரத்தில் இருக்கிறேன். நீங்கள்தான் என் கண். பத்து வருஷம் கழித்தும் ஒரு தாழ்ப்பாள் யாருக்கு விற்றது என்று சொல்லுகிற கண் உங்களுடையது. அதை ஐந்து நாள் எனக்குக் கடன் கொடுங்கள். மகளை அதட்ட வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். வெறுமனே பாருங்கள்.

தடுக்கி விழுந்தால் யாரிடம் ஓடுகிறாள்? முன்பின் தெரியாத ஆள் தூக்கினால் என்ன செய்கிறாள்? நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது அவள் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது? முன்பு சொன்ன சொற்களில் எவையெல்லாம் இப்போது காணோம்? ராத்திரி படுக்கை நனைகிறதா?

கடைசியாக ஒன்று. போன வருஷக் கடைசியில் நான் வந்திருந்தபோது, குளிக்க வா என்றால் "மாட்டேன்", சட்டை போடு என்றால் "மாட்டேன்", மிட்டாய் வேண்டுமா என்றால் அதற்கும் "மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாளே, நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எத்தனை மாட்டேன் சொன்னாள்? எண்ணி எழுதுங்கள். எனக்கு அந்த எண்ணிக்கைதான் முக்கியம்.

நட்சத்திரத்தைப் பற்றி இப்போது எழுத எனக்குத் தைரியம் இல்லை. பிறகு எழுதுகிறேன்.

தங்கை


பிப்ரவரி 14

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். பிள்ளை அடங்கி வீட்டுக்கு வந்திருக்கிறாள், இவள் அங்கிருந்துகொண்டு குற்றம் கண்டுபிடிக்கிறாளே என்று அண்ணியிடம் கத்தினேன். அண்ணி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளும் நீ எழுதியதையேதான் பத்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தாளாம். என்னிடம் சொல்லப் பயமாம்.

பார்த்தேன். எழுதுகிறேன்.

முதல் நாள் வாசல்படியில் இடித்துக்கொண்டாள். நெற்றி புடைத்துவிட்டது. அம்மாவிடமும் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அழவும் இல்லை. மறுநாள் கடைக்குத் தூக்கிப்போனேன். குழாய் வாங்க வந்த ஒருவர் கையை நீட்டினார், போய்விட்டாள். அவரிடமிருந்து இன்னொருவரிடமும் போனாள். கை மாறிப் போகிற சாமான் மாதிரி போகிறாள். முன்பு அந்நிய ஆள் நிமிர்ந்து பார்த்தாலே என் வேட்டிக்குள் ஒளிந்தவள்! சொற்களில் பாதி காணோம். படுக்கை தினமும் நனைகிறது.

மாட்டேன், ஒன்றுகூட இல்லை. ஐந்து நாளும் காது தீட்டிக்கொண்டு இருந்தேன். நானே வாயைக் கிளறினேன். "குளிக்கலாமா?" வருகிறாள். "கசப்பு மருந்து குடிக்கிறியா?" குடிக்கிறாள். "அப்பாவைக் கடிக்கிறியா?"ன்னு கையை நீட்டினேன். கையைப் பார்த்தாள், அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள்.

நான் படித்தவன் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று தெரியும். பூட்டு சரியில்லை என்று வந்து கத்துகிற ஆள் இருக்கிறானே, அவன் நம்ம ஆள். கத்திவிட்டு மறுபடியும் நம்மிடம்தான் வாங்குவான். கத்தாமல், முகம் மாறாமல், "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் படி இறங்குகிறானே, அவன்தான் போய்விட்டவன். அவனை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை என் மகளிடம் பார்க்கிறேன்.

அவள் போய்விட்டாளா? திரும்பி வருவாளா, மாட்டாளா? அதை மட்டும் ஒளிக்காமல் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 18

அண்ணா!

வருவாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வருவாள்!

உங்கள் கடிதத்தை நான் நான்கு தடவை படித்தேன். நான் இரண்டு வருஷம் வகுப்பில் உட்கார்ந்து படித்ததை, கத்துகிற வாடிக்கையாளர், கத்தாத வாடிக்கையாளர் என்று நாலே வரியில் எழுதிவிட்டீர்கள். சிறு பிள்ளையை அதன் சொந்த மனிதர்களிடமிருந்து பிரித்து வைத்தால் என்ன நடக்கும் என்று வார்டு வார்டாகப் போய் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். முதலில் எதிர்ப்பு. கத்தும், உதைக்கும், கதவையே பார்க்கும். யாராவது வந்து கூட்டிப்போவார்கள் என்ற நம்பிக்கை அந்தக் கத்தலுக்குள் இருக்கிறது. அடுத்து சோர்வு. நம்பிக்கை குறையக் குறையச் சத்தமும் குறையும். மூன்றாவது விலகல். எல்லோரிடமும் போகும், சிரிக்கக்கூடச் செய்யும், யாரையும் கேட்காது. வார்டில் வேலை செய்கிற எங்களுக்கு அது தேறிவிட்ட மாதிரி தெரியும். உண்மையில் அந்தப் பிள்ளை ஒரு கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டிருக்கும்.

அந்த மாட்டேனை ஏன் எண்ணச் சொன்னேன் தெரியுமா? முதல் வருஷத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது, கூப்பிட்டால் ஆள் வரும் என்ற நம்பிக்கை. அது கெட்டியாக இருந்தால்தான் இரண்டாம் வருஷத்தில் எழுந்து நின்று "மாட்டேன்" என்று சொல்லும். நான் வேறு, நீ வேறு, எனக்கும் ஒரு விருப்பம் உண்டு என்று அது ஊருக்கு அறிவிக்கிற சொல் அது. சண்டை போட்டாலும் இவர்கள் விட்டுவிட மாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளைதான் அதைச் சொல்லும். கீழ்த்தளம் ஆடிப்போனால் மேல்தளத்தில் யாரும் நடக்க மாட்டார்கள் இல்லையா? அவ்வளவுதான். சொற்கள் குறைந்ததும் படுக்கை நனைவதும் அதே கதைதான். பயத்தில் இரண்டு படி கீழே இறங்கி நிற்கிறாள். ஏறிவிடுவாள்.

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். முதல் நாள் வார்டில் அவளை விட்டுவிட்டு நீங்கள் எப்படிக் கிளம்பினீர்கள்? என்ன சொன்னீர்கள்? சொல்லுக்குச் சொல் எழுதுங்கள்.

தங்கை


பிப்ரவரி 23

தங்கச்சிக்கு,

நீ அதைக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

அந்த வார்டில் யாரும் கூடத் தங்கக் கூடாது. புதன், ஞாயிறு, ஒரு மணி நேரம் பார்க்கலாம். முதல் நாள் அவள் காலைக் கட்டித் தொங்கவிட்டபோது என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பித்தான் அறுந்தது. நர்சம்மா சொன்னார், "சொல்லிட்டுப் போனா அழும். சொல்லாமப் போயிடுங்க."

நான் சொல்லிவிட்டுத்தான் போனேன். அதுதான் கேவலம். "அப்பா பந்து வாங்கிட்டு இதோ வந்துடறேன்"னு சொன்னேன். "சிவப்பு"ன்னாள். "சிவப்புப் பந்துதான், இதோ"ன்னேன். பித்தானை விட்டாள். பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்தேன். அடுத்த தடவை நான் உள்ளே போனது நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. கையில் பந்து இல்லை. மறந்துவிட்டேன்.

என் கடையின் பெயர் எதனால் நிலைத்தது என்று உனக்குத் தெரியும். சரக்கு வியாழக்கிழமை வரும் என்று சொன்னால் வியாழக்கிழமை வரும். ஒருமுறை லாரி வழியில் நின்றுவிட்டது, ஒரே ஒரு கதவுக் கீலுக்காகப் பேருந்து பிடித்துப் போய் வாங்கி வந்து கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஆர்டர் தவறியதில்லை என்று மார் தட்டுவேன். உன் கேள்வியைப் படித்த பிறகுதான் தெரிகிறது, ஒன்று தவறியிருக்கிறது. என் மகளுடையது.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. செய்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணா,

அழாமல் படிக்க முடியவில்லை. ஆனால் உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இப்போது அந்த நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வார்டிலும் நட்சத்திரம் உண்டு. அதைத் தொடங்கி வைத்ததே நான்தான்! மஞ்சள் காகிதத்தை மடித்து, ஐந்து முனையும் சமமாக வரும்படி வெட்டி, அழாத பிள்ளையின் கட்டில் கம்பியில் ஒட்டுவேன். எங்கள் தலைமை நர்ஸ், பெரிய சிஸ்டர், என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். உங்கள் இரண்டாவது கடிதம் வந்த அன்று வார்டுக்குள் போய் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தேன். ஏழாம் கட்டிலில் ஒன்றரை வயதுப் பையன், ஆறு நட்சத்திரம். என் முகத்தைப் பார்க்காமல் என் தோளைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எல்லா நட்சத்திரத்தையும் கிழித்தேன். பெரிய சிஸ்டர் கேட்டார், "என்னம்மா, வேண்டுதலா?" நான் சொன்னேன், "இல்ல சிஸ்டர். பெத்தவங்களை உள்ள விடணும்." அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் போர்தான்.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். போகும்போது ஒளிந்து போகாதீர்கள். குனிந்து, அவள் கண்ணுக்கு நேராக, "அப்பா கடைக்குப் போறேன், சாப்பாட்டு நேரத்துக்கு வருவேன்" என்று சொல்லுங்கள். அவள் கேட்காத மாதிரி இருந்தாலும் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள். ஐந்து நிமிஷம்கூடத் தவறக் கூடாது. உங்கள் பெயர் அவளிடம் கெட்டிருக்கிறது. புதுக்கடை போட்டவர் மாதிரி முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும்.

போகும்போது உங்களுடைய பொருள் ஒன்றை அவளிடம் விட்டுப் போங்கள். ஆள் இல்லாத நேரத்தில் ஆளை நினைவில் பிடித்துக்கொள்ள இந்த வயசுக்குக் கையில் ஏதாவது வேண்டும். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அண்ணி மட்டும். பத்துக் கை மாற வேண்டாம்.

அவளுக்குக் கோபம் வரும். அடிப்பாள், கத்துவாள், அழுவாள்; நிறுத்தப் பார்க்காதீர்கள். அன்றைக்கு எனக்குத் தந்தி கொடுத்தாலும் தப்பில்லை. அது எப்போது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

பந்து வாங்கிக் கொடுத்துவிட்டீர்களா?

தங்கை


மார்ச் 9

தங்கச்சிக்கு,

ஒரு வாரமாயிற்று. சொன்னபடி செய்கிறேன். சாப்பாட்டு நேரத்துக்கு டாண் என்று போய் நிற்கிறேன். கடையில் ஆள் நின்றாலும் "வந்து பேசிக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறேன். வாசலில் சாவி செய்து கொடுக்கிற நம்ம சாவிக்காரர் எல்லோரிடமும், "முதலாளிக்கு வீட்ல புது மேனேஜர் வந்திருக்கு, ரெண்டடி உயரம்"னு சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

பந்து வாங்கினேன். சிவப்பு. கையில் கொடுத்தேன். வாங்கினாள், கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டாள். உருட்டவே இல்லை. ஏழு வாரம் தாமதமாக வந்த சரக்கை யார் வாங்குவார்கள்?

பொருள் விஷயத்தில் ஒரு தில்லுமுல்லு செய்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். பழைய சாவி ஆறேழைக் கம்பியில் கோத்து, "இது அப்பா சாவி"ன்னு கொடுத்தேன். பார்த்தாள், கீழே போட்டாள். மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் போட்டாள். என் இடுப்பில் தொங்குகிற கொத்தைப் பார்த்தாள். கறுத்த தோல் வார் போட்ட கொத்து. பல் முளைக்கிற காலத்தில் அந்த வாரைக் கடித்துக் கடித்து முனையைப் பிய்த்தவளே அவள்தான். போலிச் சரக்கு என்று கண்டுபிடித்துவிட்டாள், என் பெண்!

அன்றைக்கு முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். உள்ளே ஆள் இருக்கிறது! சாத்தின கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது!

சாவிக்காரரை உட்கார வைத்து என் கொத்திலிருந்த ஆறு சாவிக்கும் நகல் போட்டேன். நகலை நான் வைத்துக்கொண்டு, தோல் வாரோடு அசல் கொத்தை நேற்றுக் காலையில் அவள் மடியில் வைத்தேன். "இது இல்லாம அப்பாவால கடையைத் திறக்கவே முடியாது, பத்திரமா வெச்சிரு"ன்னேன். கீழே போடவில்லை. இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பேசத்தான் இல்லை.

அண்ணன்


மார்ச் 13

அண்ணா,

குதிக்கிறேன்! உண்மையாகவே குதித்தேன், துணி மடிக்கிற பெண்மணி பார்த்துவிட்டார்.

இங்கே சேதி நன்றாக இல்லை. பெரிய சிஸ்டரிடம் நான் வகுப்பில் படித்த அந்தப் புத்தகத்தைக் காட்டினேன். "புஸ்தகம் எழுதினவங்க என் வார்டைப் பெருக்கிப் பார்க்கட்டும். முப்பது அம்மா உள்ள வந்தா நான் எங்க நிக்கிறது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. முப்பது வருஷமாகப் பிள்ளைகளை நோய் தொற்றாமல் காத்தவர். ஆனால் பெற்றவர்களை உள்ளே விடுவதைப் பற்றி முடிவு செய்ய அடுத்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடுகிறது. அன்றைக்கு அவர் மறுத்துவிட்டால் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கதவு திறக்காது. ஏழாம் கட்டில் பையனுக்கு இன்னும் ஒரு மாதம் வைத்தியம் இருக்கிறது.

உங்கள் கடிதங்களை அவரிடம் கொடுக்கலாமா? பந்தைப் பற்றி எழுதிய கடிதத்தையும் சேர்த்து? மாட்டேன் என்று சொன்னால் புரிந்துகொள்வேன்.

தங்கை


மார்ச் 16

தங்கச்சி! தங்கச்சி!

சொல்லிவிட்டாள்! சொல்லிவிட்டாள்! எழுத்து கோணலாக இருந்தால் சகித்துக்கொள்.

நேற்று நடந்தது. முந்தின சாயங்காலம் கடையைச் சாத்தும்போது நகல் சாவியை உள்ளே ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேன். புது மாதிரிப் பூட்டு, அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும், சாவி வேண்டாம். "அவசரத்துல உள்ளவங்களுக்கு அருமையான பூட்டு"ன்னு நானே எல்லோருக்கும் தள்ளிவிட்ட சரக்கு! காலையில் வழக்கப்படி மகளிடம் குனிந்து, சாப்பாட்டுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனால், என் கடைக்கு வெளியே நான் நிற்கிறேன். கூட ஒரு டஜன் ஆள். கொத்தனார் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

சாவிக்காரர் கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ரெண்டே நிமிஷம் முதலாளி, திறந்துடறேன்." எனக்கு உயிரே போய்விட்டது. "யாராலயும் திறக்க முடியாத பூட்டு"ன்னு சொல்லித்தான் அந்த ஒரு டஜன் பேரில் பாதிப் பேருக்கு விற்றிருக்கிறேன். அவர்கள் கண் முன்னால் ரெண்டு நிமிஷத்தில் திறந்தால் என் கதி என்ன? "உட்காருய்யா கீழே!"ன்னு அவரை அமுக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், கொத்து மடியில். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டேன் இல்லையா, நிமிர்ந்து பார்த்தாள். முழுசாகப் பார்த்தாள். நான் மூச்சு வாங்கக் கையை நீட்டினேன்.

"சாவி குடும்மா. அப்பாவுக்கு வேணும்."

கொத்தை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"குடுடா கண்ணு, ஆளுங்க நிக்கிறாங்க."

"மாட்டேன்."

அடுப்படியில் அண்ணியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம். இன்னொரு தடவை கேட்டேன், வேண்டுமென்றே.

"குடுத்துடு."

"மாட்டேன்! மாட்டேன்! அப்பா போச்சு! பந்து வாங்கப் போச்சு! மாட்டேன்!"

அவ்வளவுதான், உடைந்தது அணை. தரையில் விழுந்து உதைத்தாள். நான் தூக்கினேன். கொத்தாலேயே என் முகத்தில் அடித்தாள். தோளில் பல்லைப் பதித்தாள் பார், சட்டையோடு சேர்த்து! அழுதாள், தங்கச்சி, ஒன்பது வார அழுகை. அண்ணி ஒரு பக்கம் அழுகிறாள், நான் ஒரு பக்கம் சிரிக்கிறேன், அவள் வாயைத் திறந்து கத்துகிறாள். "ஆமாடா, அப்பா பொய் சொன்னேன். போனேன். வரல. தப்பு"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன். நீ சொன்னபடி அழுகையை நிறுத்தப் பார்க்கவே இல்லை.

கையில் கொத்தோடு கத்திக்கொண்டிருந்தவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். ஜன்னல் ஜன்னலாகத் தலை நீட்டினார்கள். "என்னங்க, பிள்ளைக்கு என்ன?"ன்னு ஒருத்தர் ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு!"ன்னேன். என்னை விசித்திரமாகப் பார்த்தார். கொத்தனார் அவளைத் தூக்கக் கையை நீட்டினார். என் கழுத்தை நெரித்துக்கொண்டு "மாட்டேன்!" என்றாள். அவருக்குக் கோயில் கட்டலாம் போல இருந்தது எனக்கு.

பூட்டை அவள்தான் திறந்தாள். எந்தச் சாவி என்று தேட ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு டஜன் பேரும் நின்றார்கள். உள்ளே போனதும் லைசென்சுக்குப் பக்கத்திலிருந்த சட்டத்தைக் கழற்றி, நட்சத்திரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வாயில் போட்டு மென்று துப்பிவிட்டாள்.

கடிதங்களை உன் பெரிய சிஸ்டரிடம் கொடு. எல்லாவற்றையும், பந்தையும் சேர்த்து. இதையும் கொடு.

நீ நர்ஸ் வேலைக்குக் கிளம்பிய அன்று, "பீத்துணி அலசப் போறியா, இங்க இரண்டாவது கடையைப் பார்த்துக்க ஆள் இல்லாம நிக்கிறேன்"னு வாசலில் வைத்துச் சொன்னேன். கெட்ட சரக்கு கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தால், எத்தனை வருஷமானாலும் கேள்வி கேட்காமல் திருப்பி எடுத்துக்கொள்வது என் வழக்கம். அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

உங்கள் சரக்கு திரும்பி வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன், இப்போது பெட்டி லேசாகிவிட்டது.

கமிட்டிக்கு முந்தின நாள் கடிதங்களைப் பெரிய சிஸ்டரிடம் கொடுத்தேன். மேஜையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு கேட்டார்.

"உங்க அண்ணன் என்ன விக்கிறார்?"

"பூட்டு, சிஸ்டர்."

"பூட்டு விக்கிறவரே கதவைத் திறக்கச் சொல்றாரா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "அந்த நர்ஸ் சொன்னாங்கன்னு எழுதியிருக்காரே, 'சொல்லாமப் போயிடுங்க'ன்னு. நானும் அதையேதான் முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

மறுநாள் கமிட்டியில் பேசியது நான் இல்லை, அவர். ஆறு கட்டிலுக்குச் சோதனை முறையில் அனுமதி. தாயோ தகப்பனோ ஒருவர், கை கழுவி, மேலங்கி போட்டு, நாள் முழுக்க இருக்கலாம். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அது பெரிய சிஸ்டர் தானே சேர்த்த விதி. கதவில் அவர் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது.

ஏழாம் கட்டில் பையனின் அப்பா திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தார். பையன் மூன்று நாள் அவரைப் பார்க்கவே இல்லை. நாலாம் நாள் பால் கிண்ணத்தை அவர் மேல் கவிழ்த்தான். அப்பா நனைந்துபோய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாழ்த்துக்கள்" என்றேன். விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று.

இப்போது வார்டில் ஒரே இரைச்சல். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு எழுதுகிறேன். இவ்வளவு சந்தோஷமாக நான் தலைவலியோடு இருந்ததே இல்லை.

ஏப்ரல் பத்தாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு மாற்ற முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


மார்ச் 29

தங்கச்சிக்கு,

அவளிடம் சொன்னேன். "அத்தை வருவாங்க, உன்னைக் குளிப்பாட்டுவாங்க" என்றேன். என்ன பதில் வந்தது என்று நான் எழுதவும் வேண்டுமா?

இன்று காலை கடையில் என் கூட இருந்தாள். வரும்போது சிவப்புப் பந்தைத் தானே கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்து வந்திருந்தாள். கல்லாவுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு அதைக் கீழே போட்டாள். "அப்பா, எடு"ன்னாள். எடுத்துக் கொடுத்தேன். போட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பதினோராவது தடவை, கடை நிறைய ஆள் இருக்கும்போது, நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"மாட்டேன்"னேன்.

என்னையே உற்றுப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பார், விழுந்துவிடுவாளோ என்று நான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியதாயிற்று.

பந்தையும் எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணன்